முன்பக்க மரம், பின்பக்க மரம்

மார்ச் 3, செவ்வாய்

அண்ணிக்கு,

இதைப் பிரித்ததும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியருகே குழந்தையை விடாதீர்கள். அங்கே நிற்கும் மஞ்சள் பூ மரத்தின் காய், இலை, பூ எதுவும் அவள் கைக்குப் போகக் கூடாது. அது விஷம். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் படிக்காமலும் இருக்கலாம்.

நேற்று வீட்டு ஃபோனுக்கு ஐந்து தடவை போட்டேன். எக்ஸ்சேஞ்சில் கேட்டதற்கு, இணைப்பைத் துண்டித்து ஒரு வருடம் ஆகிறது என்றார்கள். வேறு நம்பர் என்னிடம் இல்லை. அண்ணனின் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறது என்று தெரியவில்லை. நானே கிளம்பி வந்திருக்க வேண்டும். ரயிலில் நாளை மறுநாள்தான் இடம் என்றார்கள். விரைவுத் தபால் நாளைக்கே வந்துவிடும் என்றார்கள். வாசலில் என்னைப் பார்த்தால் கதவைத் திறப்பீர்களோ என்ற யோசனையும் இருந்தது. அதை மறைக்கவில்லை.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். எங்கள் அச்சகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக வீட்டுத் தோட்டம் பற்றி ஒரு புத்தகம் அச்சாகிறது. மெய்ப்புப் பார்த்தது நான். ஒரு பக்கத்தில் இரண்டு மஞ்சள் பூக்களின் படம். இரண்டும் பார்க்க மணி கவிழ்த்த மாதிரி இருக்கும். ஒன்று மணிப்பூ, ஒன்றும் செய்யாது. இன்னொன்று பொன்னரளி. அரளி விதை என்று காதால் கேட்டிருக்கிறோமே தவிர, அரளி என்றால் சிவப்பும் வெள்ளையும்தான் என்று நினைத்திருந்தேன். மஞ்சளிலும் உண்டு என்று எனக்குத் தெரியாது.

படங்களுக்குக் கீழே பெயர்கள் மாறி விழுந்திருந்தன. நான் கவனிக்கவில்லை. புத்தகம் எழுதிய தாவரவியல் டீச்சர் நேற்று நேரில் வந்தார். "இந்தப் பக்கத்த யார் பாத்தது?" என்றார். நான்தான் என்றேன். "ல, ள எல்லாம் நல்லாத்தான் பாத்திருக்கீங்க. ஆனா பிள்ளைங்க கையில விஷத்த எடுத்துக் குடுத்திருக்கீங்க."

பிறகு உட்கார வைத்து வித்தியாசம் சொல்லிக்கொடுத்தார். மணிப்பூவின் இலை ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். காம்புக்கு ஐந்தாறு இலை சேர்ந்திருக்கும். காய் பீன்ஸ் மாதிரி நீளமாகத் தொங்கும். பொன்னரளியின் இலை கத்தி மாதிரி ஒடுங்கிப் பளபளக்கும். காய் பச்சையாக, குண்டாக, நடுவில் ஒரு மேடு தட்டியிருக்கும். இலையைக் கிள்ளினால் பால் வடியும்.

அண்ணன் அனுப்பிய படம் ஒன்று என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. வாண்டு தொட்டியடியில் உட்கார்ந்து கையில் மஞ்சள் பூ வைத்திருக்கிறாள். பின்னால் மரத்தின் கிளை. ஒடுங்கிய இலை.

நீங்களும் ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வந்தால் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மரத்தை ஆள் வைத்து வெட்டுங்கள், ஆனால் எரிக்க வேண்டாம், புகையும் ஆகாது என்றார் டீச்சர்.

முன்பக்கம் நீங்கள் வைத்திருந்த மரத்தில் காய் நீளமாகத்தான் தொங்கும். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் வெட்டியது ஒன்றுமறியாத மரத்தை. நம் நாய் பஞ்சுவைக் கொன்றது பின்பக்கம் நான் வாங்கி வைத்த மரம்.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வரி மட்டும் போதும்.

நாத்தனார்


மார்ச் 9, திங்கள்

கண்ணாடிக்கு,

வாண்டு நன்றாக இருக்கிறாள். நீ கேட்ட ஒரு வரி எழுதியாயிற்று. மீதியும் எழுதுகிறேன், எனக்காக. உன் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து வைத்த பெயர்தான் இன்னும் பேனாவில் வருகிறது.

உன் கடிதம் புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்தது. தபால்காரர் கையெழுத்து கேட்டதால் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் துணி அடுக்கின் மேல் போட்டுவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்தேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும். அரை மணி நேரம் அது அப்படியே கிடந்தது. நூல் தீர்ந்து உருளை மாற்றும்போதுதான், சரி என்னதான் எழுதியிருக்கிறாய் என்று பிரித்தேன். முதல் பத்தியைத் தாண்டவில்லை, பின்பக்கம் ஓடினேன்.

வாண்டு தொட்டியடியில்தான் இருந்தாள். விளையாட்டுப் பானையில் தண்ணீர் விட்டு, ஆறு பச்சைக் காய் போட்டு, குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தாள். சமையல் நடக்கிறதாம். சமைப்பதில் அப்பனைக் கொண்டிருக்கிறாள். காய்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் பல் பதிந்திருந்தது. சின்னப் பல், இரண்டு தடம்.

வாயில் விரலை விட்டுத் துடைத்தேன், கொப்பளிக்க வைத்தேன். அவளுக்குக் கொப்பளிக்கத் தெரியாது, பாதியை விழுங்கினாள். உன் கடிதத்தில் கண்ணை ஓட்டி, நீ சொன்னபடி ஒரு இலையைக் கிள்ளினேன். பால் வந்தது. இலை, காய், உன் கடிதம் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாடகைக் காருக்குத் தெருமுனை வரை ஓடினேன். காலில் வீட்டுச் செருப்புகூட இல்லை. வண்டியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர். "என்ன சாப்பிட்டா, எவ்வளவு சாப்பிட்டா?" என்றார். தெரியவில்லை என்றேன். உன் கடிதத்தை நீட்டினேன். நின்றுகொண்டே முழுவதையும் படித்தார். நம் குடும்பச் சங்கதி எல்லாம் இப்போது அவருக்கும் தெரியும். "யாரு எழுதினது?" என்றார். "என் நாத்தனார்." "இது கைல இருந்ததால என்ன பாக்கணும்னு உடனே தெரிஞ்சுது," என்றார்.

நெஞ்சில் ஒயர் ஒட்டி, மறுநாள் சாயங்காலம் வரை படுக்க வைத்துத் துடிப்பைப் பார்த்தார்கள். வாந்தி இல்லை, துடிப்பு குறையவில்லை. தோல் கசந்ததும் துப்பியிருப்பாள், விதை வரை போகவில்லை என்றார்கள். பிஸ்கட் கேட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை மரம் வெட்டுகிறவர் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். "இதப் போயா பிள்ள விளையாடற இடத்துல வச்சீங்க?" என்றார். நான் வைக்கவில்லை என்று சொல்ல வந்து, வேரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். வேரோடு எடுத்துக் கொண்டுபோய்விட்டார். எரிக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

இனி என் கணக்கு. நான் இந்த வீட்டுக்கு வரும்போது கொண்டுவந்தது ஒரு தையல் மிஷின், ஒரு பெட்டி துணி, நான் வேலை பார்த்த தையல் கூடத்து வேலியோரத்திலிருந்து பிடுங்கிய ஒரு செடி. அதற்குப் போட்டியாக நர்சரியில் ஒன்று வாங்கிவந்து பின்பக்கம் வைத்தாய். அதில் ஒரு பிளாஸ்டிக் சீட்டு தொங்கியது. மணிப்பூ என்று அச்சடித்திருந்தது. நாய் செத்து, 'மஞ்சள் பூச் செடி ஏதோ தின்றிருக்கிறது' என்று நாய் டாக்டர் சொன்னதும் அந்தச் சீட்டைப் பிடுங்கி வந்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாய். "என்னோடதுல பேரு அச்சுல இருக்கு. உங்களோடது வேலியோரத்துக் காட்டுச் செடி. எது விஷம்னு நான் சொல்லணுமா?" என்றாய். அச்சில் இருப்பதால் நானும் நம்பினேன். நீ அரிவாளை எடுத்தபோது தடுக்கவில்லை. அப்போது எனக்கு மூன்று மாதம். உனக்கு அது தெரியாது, அந்த வாரமே வீட்டை விட்டுப் போய்விட்டாய்.

இரண்டரை வருடமாக ஒரு நாயைக் கொன்றவளாக இந்த வீட்டில் இருந்தேன். உன் அண்ணனுக்கு 'என் மரத்தால் போய்விட்டது' என்று நானே எழுதினேன். அவர் 'விடு' என்று ஒரு வார்த்தை எழுதினார். அந்த ஒரு வார்த்தையை எத்தனை விதமாகப் படிக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

மரம் என்ன செய்தது என்று கேட்கவில்லை, அது போகட்டும். நான் உனக்கு என்ன செய்தேன்?

அண்ணி


மார்ச் 13, வெள்ளி

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தில் 'பிஸ்கட்' என்ற இடம் வரும்வரை நான் நாற்காலியில் உட்காரவில்லை.

என்ன செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. ஏதாவது செய்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

வெளிச்சம் வேண்டுமென்று உங்கள் மிஷினை முன்னறையில் போட்டார் அண்ணன். என் கட்டில் பின்னறைக்குப் போனது. நியாயம்தான், இருட்டில் தைக்க முடியாது. பஞ்சுவும் முன்னறைக்குப் போனான். நான் அவனைக் குட்டியாக என் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தவள். நீங்கள் வந்த ஆறு மாதத்தில் அவன் உங்கள் மிஷின் மிதிபலகையருகே படுக்க ஆரம்பித்தான். நீங்கள் அவனைக் கூப்பிடவில்லை, எதுவும் போடவில்லை. அந்த டக்டக் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அவன் போவதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, நான் வேலை முடிந்து வந்தேன். அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். வாலை ஒரு தடவை தரையில் தட்டினான். மறுபடி உங்கள் காலில் தலையை வைத்துக்கொண்டான். எழுந்து வரவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். மறுநாள் சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது அவனைப் பின்பக்கம் கொண்டுபோய், என் மரத்தில் கயிற்றால் கட்டினேன். உங்களிடம் போகக் கூடாது என்று. சனிக்கிழமை அரை நாள்தானே, மதியம் வந்து அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கட்டிப் போட்டே பழக்கமில்லாத நாய். வாய்க்கு எட்டியதையெல்லாம் கடித்திருப்பான்.

மதியம் வந்து அவிழ்த்தேன். வாயோரம் நுரை இருந்தது. தண்ணீர் தாகம் என்று நினைத்தேன். அவன் தள்ளாடி முன்பக்கம் நடந்துபோய் உங்கள் மரத்தடியில் படுத்தான். அங்கேயே போய்விட்டான். எல்லாரும் பார்த்தது அதைத்தான். கயிற்றைச் சுருட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். மரத்தடியில் கடித்த காய் கிடக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை.

சீட்டை நம்பினேன் என்று உங்களிடம் சொன்னேன். சீட்டு எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் சரியான வாக்கியம். நம்பாமல் இருந்தால், கட்டிப் போட்டது நான் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

வாண்டின் படம் வந்தது டீச்சர் வருவதற்கு மூன்று வாரம் முன்பு. பார்த்த முதல் நாளே சந்தேகம் வந்தது. அந்த மரம்தானே, அதனடியிலா உட்கார்ந்திருக்கிறாள் என்று. உடனே, சேச்சே, சீட்டில் பெயர் இருந்ததே என்று கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டேன். டீச்சர் வந்து திட்டும்வரை அங்கேயே இருந்தது.

மன்னிப்புக் கேட்டு இந்தக் கடிதத்தை முடிக்கத் தெரியவில்லை. பல தடவை எழுதி அடித்தேன். அந்தத் தாளை எறிந்துவிட்டு இதில் சுத்தமாக எழுதுகிறேன், அந்த வரி இல்லாமல்.

நாத்தனார்


ஏப்ரல் 2, வியாழன்

உன் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன்.

நாயைக் கட்டினாய், சரி. மறைத்தாய், சரி. இரண்டரை வருடம் என்னைச் சுமக்க விட்டாய், அதையும் ஒரு பக்கம் வைக்கிறேன். படம் மூன்று வாரம் உன் மேசையில் இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். அந்த மூன்று வாரமும் என் பிள்ளை அந்த மரத்தடியில் இருந்தாள். தினமும்.

இனி எழுதாதே.


ஏப்ரல் 8, புதன்

அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றுக்குப் பிறகு எழுத மாட்டேன். அண்ணனுக்கு நான் எழுதியதன் நகல் இத்துடன் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் அவருக்கு ஒன்று எழுதினேன் என்று ஆகிவிடக் கூடாது. கப்பல் அடுத்து நிற்கும் துறைமுகத்து முகவரிக்கு அனுப்பிவிட்டேன்.

"அண்ணா, பஞ்சு அண்ணியின் மரத்தால் சாகவில்லை. நான் நர்சரியில் வாங்கி வைத்த மரம் பொன்னரளி. அதில் அவனைக் கட்டிப் போட்டவள் நான். அண்ணிக்கு எதுவும் தெரியாது. அண்ணி உங்களுக்கு எழுதியது நான் சொன்ன பொய்யை நம்பி எழுதியது. நீங்கள் அனுப்பிய படத்தில் வாண்டு உட்கார்ந்திருப்பதும் அதே மரத்தடியில்தான். அதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தும் மூன்று வாரம் பேசாமல் இருந்தேன். அவள் ஒரு காயைக் கடித்தாள். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், பிழைத்துக்கொண்டாள். ஊருக்கு வந்ததும் முதலில் அண்ணியிடம் பேசுங்கள். 'விடு' என்று மட்டும் சொல்லாதீர்கள். என்னிடம் பேசுவதும் பேசாததும் உங்கள் விருப்பம்."

இவ்வளவுதான் எழுதினேன். நீங்கள் வீட்டில் எதையும் சொல்லியாக வேண்டிய நிலை இனி இல்லை.

நாத்தனார்


ஏப்ரல் 19, ஞாயிறு

கண்ணாடிக்கு,

உன் தொழிலை நான் செய்ய வேண்டியதாகிவிட்டது. நீ உன் அண்ணனுக்கு எழுதியதில் ஒரு வரி தப்பு. திருத்துகிறேன்.

'அண்ணிக்கு எதுவும் தெரியாது' என்று எழுதியிருக்கிறாய்.

அந்தச் சனிக்கிழமை நாய் பின்பக்கம் கட்டியிருந்தது எனக்குத் தெரியும். முனகல் கேட்டது. ஒரு விடுதிக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன், அன்று சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். கண்ணாடிதான் கட்டியிருப்பாள், அவளே வந்து அவிழ்க்கட்டும் என்று நினைத்தேன். காலடியில் தொந்தரவில்லாமல் நீளத் தையல் ஓடியது. அந்த நிம்மதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. முனகல் அதிகமானபோது மிஷினை வேகமாக மிதித்தேன். பிறகு முனகல் நின்றது. தூங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நாயைக் கொன்றது என் மரம்தான் என்று நீ கத்தியபோது, 'காலையிலிருந்து அவன் பின்பக்கம்தானே இருந்தான்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால், கேட்டுக்கொண்டே ஏன் அவிழ்க்கவில்லை என்று நீ கேட்பாய். அதனால் மரத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

சீட்டை நம்பினேன் என்று நானும்தான் எழுதினேன். வாண்டு தவழ ஆரம்பித்த சமயம் ஒரு நாள், பின்பக்க மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாய் இதில்தானே கட்டியிருந்தது என்று தோன்றியது. உள்ளே வந்து இழுப்பறையிலிருந்து சீட்டை எடுத்துப் படித்தேன். மணிப்பூ என்று இருந்தது. மறுபடி உள்ளே வைத்து மூடினேன். அந்த இழுப்பறையை நான் மூடியும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உன் மூன்று வாரத்துக்கு நான் உன்னைத் திட்டினேன்.

இதனால் உன் பங்கு குறையாது. அப்படி எடுத்துக்கொள்ளாதே. எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். இதை எழுத எனக்குப் பதினேழு நாள் ஆகியிருக்கிறது. 'இனி எழுதாதே' என்று எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

உன் அண்ணன் மே மாதம் பன்னிரண்டாம் தேதி கரைக்கு வருகிறார். அவரிடம் இதை நேரில் சொல்லப் போகிறேன், கடிதத்தில் வேண்டாம். அப்போது நீயும் பக்கத்தில் இருந்தால் நல்லது. எனக்கு உதவிக்கு என்று நினைக்காதே. ஒருவர் சொல்லும்போது இன்னொருவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நம் இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் இல்லாமல் போனதுதான் கோளாறு.

பதினோராம் தேதியே வந்துவிடு. ஸ்டேஷனுக்கு என்னால் வர முடியாது, பள்ளிச் சீருடைத் தையல் நெருக்கும் சமயம். ஸ்டேஷன் எதிரில் பஸ் பழையபடிதான் நிற்கிறது. வாசல் மணி வேலை செய்யவில்லை, கதவைத் தட்டு. மிஷின் ஓடினால் எனக்குக் கேட்காது, பலமாகத் தட்டு.

வாண்டுக்கு உன்னைத் தெரியாது. புதிதாக யாரைப் பார்த்தாலும் முதலில் அழுவாள். ஒரு மணி நேரமாவது ஆகும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, அவசரப்பட்டுத் தூக்காதே. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு. அவளே வருவாள்.

அண்ணி